போர்டு எழுத்துச் சாயலில் வரும் எழுத்துருக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறை, திருவாரூர்ப் பக்கம் கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பவர்கள், ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் செய்பவர்கள், புதிதாகக் கடை திறப்பவர்கள் ஆகியோர் மாற்றி மாற்றிக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்கள் வார்த்தையிலேயே விட்டிருக்கிறோம். முதலில் எளியவை, போகப் போக வில்லங்கமானவை.

போர்டு எழுத்து ஃபான்ட்னு சொல்றாங்களே, அது என்னங்க தனியா?

தகரத்திலும் சுவரிலும் ஷட்டரிலும் பெயிண்டர்கள் பிரஷ்ஷால் எழுதும் முறையைப் பின்பற்றி வரைந்த எழுத்துரு. புத்தக எழுத்துரு 10, 11 புள்ளி (பாயின்ட்) அளவில் பக்கம் பக்கமாகப் படிப்பதற்கானது. இது இரண்டு மூன்று சொல்லை எட்டத்திலிருந்து ஒரே பார்வையில் படிப்பதற்கானது. அதனால் கோடு தடிமனாக இருக்கும், சுழி வாய் திறந்திருக்கும், எழுத்துக்கு எழுத்து அகலம் தாராளமாக மாறும்.

இது புதிய யோசனை இல்லை. அமெரிக்காவில் ராபர்ட் ஸ்மித் வரைந்த பிரஷ் ஸ்கிரிப்ட் 1942இல் ஈய அச்சாகவே வந்துவிட்டது. பிரான்சில் ரோஜர் எக்ஸ்காஃபோனின் மிஸ்ட்ரல் 1953இல் வந்தது. இன்னும் பின்னால் போனால், ரோமில் கி.பி. 113ஆம் ஆண்டு டிராஜன் தூணில் வெட்டிய எழுத்துகளையே முதலில் சப்பைத் தூரிகையால் கல்லில் எழுதி, அந்தத் தடத்தின் மேல்தான் உளி ஓட்டினார்கள் என்று எட்வர்ட் கேட்டிச் வாதிட்டார். அவரே போர்டு எழுதிப் பழகியவர். அந்தத் தூண் எழுத்தை வைத்து 1989இல் கரோல் ட்வாம்பிளி அடோபிக்காக வரைந்த டிராஜன் எழுத்துருவைச் சினிமா போஸ்டர்களில் பார்க்காதவர் இருக்க மாட்டார்கள்.

இது ஏன் பார்த்ததும் பிடிச்சுப் போகுது? பழசுங்கிறதாலயா?

பழசு என்பதால் இல்லை. நேற்று எழுதி இன்னும் பெயிண்ட் காயாத போர்டும் அதே அளவு பிடிக்கிறதே. காரணம் கருவியில் இருக்கிறது. ஓலையில் எழுத்தாணி கீறியபோது கோடு முழுக்க ஒரே மெலிவு. தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் உளி வெட்டியபோது வேறொரு நடை. பிரஷ்ஷுக்கு இன்னொரு நடை. சப்பை பிரஷ்ஷைக் கோணம் மாற்றாமல் இழுத்தால் ஒரு திசையில் பட்டையாகவும் அதற்குக் குறுக்கே மெலிதாகவும் கோடு விழும். வளைவில் பிரஷ்ஷை விரலிடையே உருட்டினால் தடிமன் மாறாமல் திரும்பும். கோடு முடியும் இடத்தில் பிரஷ்ஷின் விளிம்பு பட்டு நறுக்கென்று நிற்கும். கை எங்கே தொடங்கியது, எங்கே திரும்பியது, எங்கே எடுத்தது என்பதைக் கண் அறியாமலே படித்துக்கொள்கிறது.

இரண்டாவது காரணம், எழுத்துகளின் அனுசரிப்பு. பெயிண்டர் ‘பாத்திரக்கடை’ என்று எழுதும்போது பலகையில் இடம் குறைந்தால் துணைக்காலை ஒடுக்குவார், க-வைச் சற்றே நெருக்குவார், கடைசி டை-க்கு இடம் விடுவார். ‘சோழன்’ என்றால் ழ-வின் வாலை அடுத்த எழுத்துக்கு அடியில் ஓட விடுவார். ஒவ்வோர் எழுத்தும் பக்கத்து எழுத்தைப் பார்த்து நகர்ந்து உட்காரும், நெரிசல் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நான்காவது ஆளுக்கு இடம் கொடுப்பது போல. நல்ல போர்டு எழுத்துரு இந்த இரண்டையும் கொண்டுவர வேண்டும். விரிசல், பெயிண்ட் உரிந்த தடம், புழுதி எல்லாம் இதற்குப் பிறகுதான். அவை இல்லாமலே எழுத்துரு நன்றாக இருக்கும்.

கையெழுத்து ஃபான்ட்டும் இதுவும் ஒண்ணுதானே?

இல்லை. கையெழுத்து வேகத்துக்காக, போர்டு எழுத்து நிதானத்துக்காக. பேனாக்காரர் ஓர் எழுத்தை ஒரே இழுப்பில் முடிப்பார். பெயிண்டர் அதையே மூன்று நான்கு துண்டாக எழுதி ஒட்டுவார். டீக்கடைப் பெயருக்குக் கையெழுத்து ஃபான்ட்டைப் போட்டால் எட்டத்திலிருந்து நூல் சிக்கல் மாதிரி தெரிவது இதனால்தான்.

தமிழ்ல இலவசமா என்னென்ன கிடைக்குது?

கூகுள் ஃபான்ட்ஸில் தேடிப் பாருங்கள். பலூ தம்பி கடை போர்டின் குண்டு எழுத்துக்கு மிக நெருக்கம். மிட்டாய்க் கடைக்கும் பொம்மைக் கடைக்கும் அப்படியே பொருந்தும், நகைக்கடைக்குப் பொருந்தாது. தாரிக் அஸீஸ் வரைந்த கவிவாணர் சாய்ந்த நடை, பேனாவுக்குப் பக்கம். அரிமாவின் முனைகள் மென்மையானவை. கட்டுமரத்தின் பெயரைச் சொல்லும் கட்டமரன், முக்த மலர் இரண்டும் போர்டு எழுத்து அல்ல. ஆனால் தலைப்புக்குக் கீழே முகவரி, தொலைபேசி எண் போட அவைதான் சரி. பெயர், முகவரி, ‘எங்களிடம் கிடைக்கும்’ எல்லாவற்றையும் ஒரே குண்டு எழுத்தில் போடுவதுதான் நம் பக்கம் அதிகம் நடக்கும் தப்பு.

இவை எல்லாம் ஓபன் ஃபான்ட் லைசன்ஸில் வருபவை. கடை போர்டு, பத்திரிகை, பை, டப்பா எதில் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் போடலாம். எழுத்துருக் கோப்பை மட்டும் தனியாக விற்கக் கூடாது. வேறு தளங்களில் ‘தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும்’ என்று கிடைப்பவை இந்தக் கணக்கில் வராது. கடை போர்டு வணிகப் பயன்பாடு.

இங்கிலீஷ்ல ஆயிரக்கணக்குல இருக்கு, தமிழுக்கு ஏன் இவ்வளவு கம்மி?

வேலை கூட. ஆங்கிலத் தலைப்பு எழுத்துக்குப் பெரிய எழுத்து 26 மட்டும் வரைந்துகூட ஓர் எழுத்துருவை வெளியிடலாம். தமிழில் உயிரும் ஆய்தமும் 13, உயிர்மெய் அகரம் 18, மெய் 18, இகர ஈகார வரிசை 36, உகர ஊகார வரிசை 36, கொம்பு கால் வகை 5, கிரந்தத்துக்கு 20க்கு மேல். ஆக சுமார் 150 வடிவம், எண்களும் குறிகளும் தனி. உகரத்துக்கு ஒரே குறியை ஒட்டியும் முடியாது. சு, பு, யு, வு, ஙு ஐந்தும் கீழே இறங்கும். கு, டு, மு, ரு, ழு, ளு ஆறும் வளைந்து சுற்றும். து, நு, லு, று, ணு, னு, ஞு ஏழும் வாலை மேலே தூக்கும். மூன்றையும் பிரஷ் எப்படித் திரும்பும் என்று யோசித்துத் தனித்தனியே வரைய வேண்டும்.

இந்தச் சிரமம் டெல்டாவுக்குப் பழசு. ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்த தமிழ் அச்செழுத்து 1713இல் தரங்கம்பாடி மிஷனரிகளுக்கு வந்தபோது அளவு பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றது. பிறகு சிறிய எழுத்தை இங்கேயே வார்த்து 1715இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள். சீஸ் டப்பா ஈயத்தை உருக்கினார்கள் என்று சொல்வதுண்டு.

கடை போர்டுக்கு எழுத்து எவ்வளவு பெருசா இருக்கணும்?

எழுத்து 1 அங்குல உயரம் இருந்தால் 10 அடியிலிருந்து நிம்மதியாகப் படிக்கலாம் என்பது பழைய கணக்கு. தமிழில் ப-வின் உயரத்தை வைத்து அளக்க வேண்டும். மேலே போகும் விலங்கையும் (இகர, ஈகார வளைவு) கீழே தொங்கும் வாலையும் சேர்க்கக் கூடாது. எதிர்ச் சாரி 40 அடி தள்ளி இருந்தால் ப 4 அங்குலம். மெயின் ரோட்டில் 40 கி.மீ. வேகத்தில் பைக்கில் வருபவர் 2 விநாடியில் 70 அடிக்கு மேல் கடந்துவிடுவார். அவருக்கு 7 அங்குலமாவது வேண்டும்.

இங்கே ஒரு பொறி. 72 புள்ளி ஓர் அங்குலம்தான், ஆனால் அது எழுத்துருவின் மொத்தக் கட்டத்தின் உயரம். பல தமிழ் எழுத்துருக்களில் ப அதில் பாதியை ஒட்டித்தான் வரும். 4 அங்குல ப வேண்டுமென்றால் 288 புள்ளி போதாது. 576 புள்ளியில் தொடங்கி, ஸ்கேலை வைத்து அளந்து சரிசெய்யுங்கள்.

பத்திரிகைல போட்டா ண, ஞ, ஜ எல்லாம் அடைச்சுக்குதே?

எட்டத்துக்கு வரைந்த தடிமனைக் கைக்குள் கொண்டுவந்தால் அப்படித்தான் ஆகும். சுழிக்குள் வெள்ளை அரை மில்லிமீட்டருக்குக் குறைந்தால் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் மை பரவி மூடிவிடும். மணமக்கள் பெயருக்கு மட்டும் போர்டு எழுத்து, மற்றதற்குச் சாதாரண எழுத்து என்று வைத்தால் பிரச்சினை வராது.

இன்னொரு காரணம் நாமே போடும் அவுட்லைன். சாஃப்ட்வேரில் 4 புள்ளி அவுட்லைன் கொடுத்தால் 2 புள்ளி வெளியே, 2 புள்ளி உள்ளே போகும். உள்ளே போனது சுழியைத் தின்றுவிடும். அவுட்லைனை எழுத்து நிறத்துக்குப் பின்னால் தள்ளுங்கள்.

ஷேடு கொடுத்தா பிளாஸ்டிக் மாதிரி இருக்கு. பெயிண்டர் போடுற ஷேடு எப்படி வருது?

சாஃப்ட்வேர் தருவது மங்கலான நிழல். பெயிண்டர் போடுவது நிழலே அல்ல, இரண்டாவது நிறத்தில் கெட்டியான பட்டை. எழுத்தை நகலெடுத்து 45 பாகை சாய்வில் கீழே நகர்த்துங்கள். தூரம் கோட்டுத் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை போதும். முன்னெழுத்தைச் சுற்றி போர்டு நிறத்திலேயே மெல்லிய கோடு கொடுத்தால் எழுத்துக்கும் ஷேடுக்கும் நடுவில் இடைவெளி கிடைக்கும். அந்த இடைவெளியில்தான் கை வேலையின் சாயல் இருக்கிறது. மறக்காமல் எழுத்திடைவெளியையும் ஷேடு அளவுக்குக் கூட்டுங்கள். இல்லாவிட்டால் ரு-வின் வால் அடுத்த எழுத்தின் ஷேடில் முட்டும்.

ஒரே எழுத்து ரெண்டு தடவை வந்தா அச்சு அசலா ஒரே மாதிரி இருக்கு, ஃபான்ட்னு காட்டிக்கொடுத்துடுது. என்ன பண்றது?

நல்ல கண். கையால் எழுதினால் இரண்டு க ஒன்றாக வராது. தமிழில் இதற்கு மொழியே பாதி உதவி செய்கிறது: ‘அக்கா’, ‘பட்டு’, ‘அப்பம்’ என்று இரட்டிக்கும் இடத்தில் முதலாவதற்குப் புள்ளி உண்டு. க்-கை க-வின் மேல் புள்ளி ஒட்டிய நகலாக வைக்காமல், கொஞ்சம் ஒடுக்கித் தனியாக வரைந்த எழுத்துருவில் இந்தக் குறை பெரும்பாலும் தெரியாது. வாங்கும் முன் ‘பட்டுப்புடவை’ என்று தட்டிப் பாருங்கள்.

மிச்சத்துக்கு, சில எழுத்துருக்களில் மாற்று வடிவங்கள் உள்ளே இருக்கும். கான்டெக்ஸ்சுவல் ஆல்டர்னேட்ஸ் என்ற வசதி திறந்திருந்தால் அவை தானே மாறி மாறி வரும். இல்லையென்றால் எழுத்தை வளைகோடாக (கர்வ்ஸ்) மாற்றி, இரண்டாவதின் ஒரு முனையை மட்டும் கையால் நகர்த்துங்கள். நான்கைந்து எழுத்து உள்ள பெயருக்கு அது பத்து நிமிட வேலை.

தும்பிக்கை வச்ச பழைய லை, ணை போட முடியுமா? அதுல ஒரு அழகு இருக்கு.

முடியும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்தில் மாறியவை 13 எழுத்து: ணா, றா, னா, ணை, லை, ளை, னை, ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ. கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீடான யுனிகோடில் பழைய வடிவத்துக்குத் தனி இடம் கிடையாது. ல-வும் ஐகாரக் குறியும் அதே இரண்டுதான். எந்த வடிவம் தெரியும் என்பது எழுத்துருவின் முடிவு. ஆகவே பழைய வடிவம் உள்ளே வைத்த எழுத்துரு வேண்டும், அல்லது கையால் வரைய வேண்டும்.

போடலாமா என்பது வேறு கேள்வி. ‘மாலை’, ‘வெற்றிலை’ எல்லோருக்கும் தெரிந்த சொற்கள்; சிரமம் இல்லை. பழைய ‘னா’, ‘றா’ இளையவர்களைத் தடுக்கும்; ‘மன்னார்குடி’யில் போட்டால் ஒரு கணம் யோசிப்பார்கள். ஒரு போர்டில் ஐகாரத்தைப் பழைய முறையிலும் ஆகாரத்தைப் புதிய முறையிலும் கலப்பது சுத்தமில்லை என்பவர்கள் உண்டு. எங்கள் கருத்தில், படிக்க முடிந்தால் கலக்கலாம்.

வீட்ல சரியா இருந்துச்சு, ஃப்ளெக்ஸ் கடைல திறந்தா கொம்பு தனி, எழுத்து தனியா நிக்குது. ஏன்?

என்ன தெரிகிறது என்பதை வைத்துக் காரணத்தைப் பிடிக்கலாம். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டினால், பாமினி மாதிரியான பழைய குறியீட்டு எழுத்துருவில் தட்டியது; அந்த எழுத்துரு அங்கே இல்லை. கட்டம் கட்டமாக வந்தால் எழுத்துருவில் அந்த வடிவமே இல்லை. கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால் அந்த மென்பொருள் தமிழை அடுக்கத் தெரியாத பழைய பதிப்பு, அல்லது அமைப்பு மூடியிருக்கிறது. அடோபி இல்லஸ்ட்ரேட்டரில் இந்திய மொழி வசதியையும் வேர்ல்ட் ரெடி கம்போசரையும் திறக்க வேண்டும். புள்ளி வட்டத்தோடு கொம்பு நின்றால் கொம்பை முதலில் தட்டி எழுத்தைப் பின்னால் தட்டியிருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் பொது வழி: திருத்தக்கூடிய கோப்பை வீட்டில் வைத்துக்கொண்டு, அதன் நகலில் எழுத்தை வளைகோடாக மாற்றி பி.டி.எஃப். ஆகக் கொடுங்கள். மாற்றிய பிறகு கொம்பு, புள்ளி ஒவ்வொன்றையும் ஒரு முறை எண்ணுங்கள். ‘சௌ’வில் வரும் குறிக்குப் பதில் ள என்ற எழுத்தையே தட்டியிருந்தால் கண்ணுக்குச் சரியாகத் தெரியும், தேடும்போதுதான் மாட்டிக்கொள்வீர்கள்.

பக்கத்துல இங்கிலீஷ் பேரும் வேணும்னா?

தமிழ்நாட்டில் பெயர்ப் பலகையில் தமிழ்தான் முதலில், பெரிதாக வர வேண்டும்; தமிழ், ஆங்கிலம், பிற மொழிக்கு 5:3:2 என்பது சொல்லப்படும் விகிதம். அழகுக் கணக்கும் இதற்கு ஒத்தே போகிறது. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் சுவர் மாதிரி நிற்பவை, ஒரே புள்ளி அளவில் வைத்தால் தமிழை அமுக்கிவிடும். கோட்டுத் தடிமன் இரண்டிலும் ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள், உயரம் ஒத்துப்போக வேண்டியதில்லை.

எங்க தெரு பழைய போர்டைப் பார்த்து நாங்களே ஃபான்ட் பண்ணலாமா?

பண்ணலாம். மேலே சொன்ன 150 வடிவக் கணக்கை ஒரு முறை படித்துவிட்டு முடிவெடுங்கள். படம் எடுக்கும்போது தள்ளி நின்று ஜூம் செய்து, போர்டுக்கு நேர் எதிரே எடுக்க வேண்டும். பக்கத்தில் நின்றால் ஓர எழுத்துகள் விரியும். எனாமல் பெயிண்ட் பளபளக்கும். மேகமூட்டமான நேரம் நல்லது. அளவுக்கு ஓரத்தில் ஓர் அடி ஸ்கேல். ஒரே கை எழுதிய போர்டு நாலைந்தாவது வேண்டும்; ஒன்றில் 15 எழுத்துக்கு மேல் தேறாது.

படத்திலிருந்து கணினியே கோடு எடுக்கும் ஆட்டோ டிரேஸ் வேண்டாம். அது எழுத்தோடு சுவர்ச் சொரசொரப்பையும் சேர்த்து நூற்றுக்கணக்கான முனைகளாகத் தரும். பெரிதாக்கினால் விளிம்பு கடித்த மாதிரி இருக்கும். திரையில் வரையும் முன் ஓர் அங்குல சப்பை பிரஷ்ஷால் பழைய செய்தித்தாளில் அதே எழுத்தை எழுதிப் பாருங்கள். கோட்டின் வரிசை கைக்குப் புரிந்தபின் திரையில் வரைந்தால் வளைவின் உச்சியில் ஒரு முனை, முடிவில் இரண்டு முனை போதும். எழுத்துரு செய்யும் மென்பொருளில் ஃபான்ட்ஃபோர்ஜ் இலவசம், மேக் வைத்திருப்பவர்கள் கிளிஃப்ஸ் பயன்படுத்துகிறார்கள். கட்டம் 1000 அலகு என்றால் ப-வுக்கு 500 கொடுத்து, மேலே விலங்குக்கும் கீழே வாலுக்கும் தலா 250 அளவில் ஒதுக்கலாம். ப-விலிருந்து ம, ய, ழ வரும். க-வின் தலையே ச-வுக்கும் த-வுக்கும். ன வந்தால் ண வந்த மாதிரி. ஙு, ஞூ எந்தப் போர்டிலும் கிடைக்காது, ஊகித்துத்தான் வரைய வேண்டும்.

சோதிக்க நம் ஊர்ப் பெயர்களைவிட நல்ல சொற்கள் கிடையாது. ‘திருத்துறைப்பூண்டி’யில் விலங்கு, மூன்று விதப் புள்ளி, ரு, து, பூ, ஒட்டிய டி எல்லாம் ஒரே சொல்லில் வரும். ‘சீர்காழி’யில் ர்-உம் துணைக்காலும் குழம்புகின்றனவா என்று தெரியும். ‘கூத்தாநல்லூர்’ கூ-வையும் லூ-வையும் காட்டிக்கொடுக்கும். இந்த மூன்றிலும் இடைவெளி சரியாக வந்துவிட்டால் முக்கால் வேலை முடிந்தது.

பெயிண்டர் கிட்ட கேக்கணுமா? போர்டு ரோட்டுல தானே இருக்கு?

ரோட்டில் இருப்பதால் பொதுச்சொத்து ஆகிவிடாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் கலைப் படைப்புக்கு உரிமை, படைத்தவர் ஆயுளும் அதன்பின் 60 ஆண்டும். காசு கொடுத்து எழுதச் சொன்ன கடைக்காரருக்கும் உரிமையில் பங்கு வரலாம் என்பதால் இருவரிடமும் கேட்பது பத்திரம். போர்டின் கீழ் மூலையில் சின்னதாக ‘ஆர்ட்ஸ்’ என்று முடியும் ஒரு பெயர் இருக்கும், அதுதான் கையொப்பம். அதை வைத்து ஆளைத் தேடி, என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லி, தொகையையும் பெயர் போடுவதையும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். இந்தியப் போர்டு ஓவியர்களின் எழுத்தை எழுத்துருவாக்க ஹனீஃப் குரேஷி தொடங்கிய ஹேண்ட்பெயின்டட் டைப் முயற்சியில் எழுத்துருக்களுக்கே அந்தந்தப் பெயிண்டரின் பெயர்தான்.

அப்ப எதுக்கு ஃபான்ட், எதுக்கு பெயிண்டர்?

பல அளவில், பல இடத்தில், திரும்பத் திரும்ப வரும் வேலைக்கு ஃபான்ட்: பை, பில், டப்பா, வாட்ஸ்அப் படம். ஒரே இடத்தில் ஒரே முறை வருவதற்குப் பெயிண்டர். வரி வரியாக மடிந்த ரோலிங் ஷட்டரில் ஸ்டிக்கர் நிற்காது. பெயிண்டர் ஷட்டரை இறக்கி, நூல் அடித்து, மேட்டிலும் பள்ளத்திலும் பிரஷ்ஷை அழுத்தி எழுதுவார். நேரே பார்க்கும்போது கோடு உடையாது. நாகப்பட்டினத்துப் படகின் வளைந்த பக்கத்துக்கும் நெல் லாரியின் பின்கதவுக்கும் இதே நிலைதான்.

இரண்டையும் சேர்க்கவும் செய்யலாம். பெயரை எழுத்துருவில் அமைத்து, முழு அளவில் தாளில் அச்சிட்டு, கோட்டின் மேல் ஊசியால் நெருக்கமாகத் துளையிட்டு, சுவரில் ஒட்டிக் கரித்தூள் பொட்டலத்தால் தட்டுங்கள். தாளை எடுத்தால் புள்ளிக்கோடு நிற்கும். பெயிண்டர் அதன் மேல் எழுதுவார். அவர் வாலை இன்னும் கொஞ்சம் நீட்டலாமா என்று கேட்டால் நீட்டச் சொல்லுங்கள்.